எண்ணூர் சாலையில் போன இரண்டு டப்பாக்கள்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்தார். மூன்று கைலி, இரண்டு சட்டை, ஒரு பிஸ்கட் டப்பா. அடியில் பழைய போர்வையில் சுற்றிய இரண்டு கறுப்புக் குழாய்கள். ஒன்றைக் கையில் எடுத்து இழுத்தார், மெதுவாக நீண்டது. அழுத்தினார், முனகிக்கொண்டே சுருங்கியது. இது என்ன என்று கேட்டார். வேனின் பின்சக்கரத்துக்குப் போடும் ஷாக்அப்சார்பர் என்றேன். வேன் எங்கே என்றார். திருவொற்றியூரில் என்றேன்.

“மலேசியாலேருந்து வர்றவன்லாம் டிவி தூக்கிட்டு வரான். நீ என்னய்யா இதைத் தூக்கிட்டு வந்திருக்க?”

நான் பதில் சொல்வதற்குள் போ என்று கையை ஆட்டிவிட்டார்.

பதில் இதுதான். மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் நான் லாரியில் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தேன். அதே கிடங்கில் செல்வம் இருந்தான், திருவொற்றியூர்க்காரன். அவன் மனைவியின் அண்ணன் மூர்த்தியிடம் ஒரு பழைய வேன் இருந்தது. ஜப்பான்காரன் மாடலை வாங்கி இந்தியாவில் செய்த வண்டி. அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதால் சாமான் கிடைப்பதில்லை. எங்கள் ஊரில் அதே வண்டி இன்னும் தெருவுக்குத் தெரு ஓடுகிறது. ஓடாமல் போனவற்றைப் பாதியாக அறுத்து, பாகம் பாகமாக விற்கும் கடைகளும் உண்டு. செல்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கடைகளில் வண்டிக்கு அடியில் புரண்டு, நல்லதாக இரண்டு ஷாக்குகளைக் கழற்றி எடுத்தான். கொண்டுபோக ஆள் வேண்டும். எனக்கு அப்போது வேலை போயிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டதிலிருந்து, எங்காவது போகிறாயா என்று யார் கேட்டாலும் சரி என்று சொல்லியே பழகியவன் நான். இந்தியாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நினைப்பும் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ராயபுரம் தாண்டியதுமே லாரிகள் தொடங்கிவிட்டன. கன்டெய்னர் ஏற்றிய நீள வண்டிகள், எல்லாம் துறைமுகத்தைப் பார்த்து நின்றன. ஏதோ விபத்து என்று நினைத்தேன். காசிமேடு வந்தது, போனது. வரிசை முடியவில்லை. சில இடத்தில் ஒற்றை வரிசை இரட்டையாகி, போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் மிச்சம் ஒரே ஒரு தடம்தான். வலது பக்கம் பாறாங்கல் கொட்டிய கரை, அதற்கு அந்தப் பக்கம் கடல்.

“துறைமுகத்துக்குள்ள போற வண்டிங்க சார். முந்தாநேத்து வந்தவன்லாம் இங்கதான் கீறான்,” என்றார் ஆட்டோக்காரர்.

எங்கள் துறைமுக வாசலிலும் லாரிகள் காத்து நிற்கும். ஓட்டுநர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி குளிரில் தூங்குவார்கள். பக்கத்து வண்டிக்காரன் முகம்கூடத் தெரியாது. இங்கே வரிசையே ஒரு ஊராக இருந்தது. கன்டெய்னர் அடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சாம்பார் கொதித்தது. கதவுக் கைப்பிடியில் பனியன் காய்ந்தது. இரண்டு டயர்களுக்கு நடுவே துண்டை விரித்துச் சீட்டு ஆடினார்கள். ஒரு சர்தார்ஜி தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, கடல் காற்றில் முடி உலர்த்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு தூக்குச்சட்டியைப் பார்த்தேன். அலுமினியத் தூக்கு, மேலே துணி கட்டியிருந்தது. ஒரு ஓட்டுநர் அதைப் பின்னால் இருந்தவரிடம் வாங்கினார். முன்வண்டிவரை நடந்துபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சீட்டு ஆடினார். வாங்கியவர் அடுத்த வண்டிக்குக் கொடுத்தார். ஆட்டோ எதிரே வந்த ஒரு மாநகரப் பேருந்துக்கு வழிவிட்டு நின்றபோது, தூக்கு எங்களைத் தாண்டிப் பின்பக்கம், துறைமுகம் இருந்த திசையில், நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

யாருக்குப் போகிறது என்று கேட்டேன்.

“முன்னால எவனுக்கோ. வண்டிய உட்டுட்டு நகர முடியாதில்ல சார், நடுவுல எவனாவது பூந்துருவான். அதான் கைல கைல குடுத்துக்குவானுங்க.”

வழியில் யாரும் திறந்து சாப்பிட்டுவிட மாட்டார்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சுங்க அதிகாரி பார்த்த அதே பார்வை.

செல்வத்தின் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அவன் மனைவி தனம், தனத்தின் அண்ணன் மூர்த்தி, செல்வத்தின் அம்மா அஞ்சலை, மூவரும் வாசலிலேயே நின்றார்கள். அஞ்சலையம்மா எண்ணூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். விரல் நுனிகள் எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா நைனா, அங்க சோறுலாம் கீதா இல்லியா? ஒட்டடைக்குச்சி மாரி வந்து நிக்கிற.”

வழியிலேயே பசியாறிட்டேன் லா என்றேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்போம். பேச்சு முடிவில் ஒரு லாவும் ஒட்டிக்கொள்ளும். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் அங்கிருந்த நாட்கள் முழுக்க எனக்கு அவர் வைத்த பேர் லா. லா, தண்ணி குடி. லா, தள்ளி ஒக்காரு. நேற்று வைத்த சங்கரா மீன் குழம்பை இன்று சுடவைத்து, அதன் மேல் நெத்திலி வறுவலை அள்ளிப் போட்டார்கள். கிள்ளானில் கிடைக்காத மீன் இல்லை. ஆனால் ஒரு நாள் ஊறிய அந்தப் புளிப்பு அங்கே கிடையாது.

ஷாக்குகளைத் தனம்தான் போர்வையிலிருந்து பிரித்தாள். புருஷன் கையால் துடைத்து அனுப்பியது என்று தெரிந்ததாலோ என்னவோ, கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் மூர்த்தி என்னை வேனில் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனான். மீன்பெட்டி ஏற்றும் வேலை அவனுக்கு. புது ஷாக் எதற்குத் தேவை என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் பள்ளத்தில் என் தலை கூரையில் இடித்தது. அடுத்த பள்ளத்தில் பின்னால் ஐஸ் கட்டிகள் எழும்பிப் பெட்டிக்கு வெளியே விழுந்தன. ஒரு பள்ளத்தில் இறங்கிய வேன் ஆடி அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்தது. அஞ்சலையம்மா இதில் ஏறுவதேயில்லை என்றான் மூர்த்தி. ஏறினால் வாயில் இருக்கிற பல் வயிற்றுக்குப் போய்விடும் என்று சொல்வாராம். வேலைக்கு அவரும் மற்றப் பெண்களும் அந்தோணி என்பவரின் வேனில்தான் போய்வந்தார்கள்.

திரும்பும்போது ராயபுரத்தில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மீ கோரெங் என்று வறுத்த நூடுல்ஸ் உண்டு, இது அதன் ஒன்றுவிட்ட தம்பி. மூர்த்தி என்னிடம் காரமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் போடச் சொன்னான்.

மூன்றாம் நாள் காலை நசீர் பாயின் பட்டறைக்குப் போனோம். பட்டறை என்றால் தெருமுனையில் ஒரு குட்டிச்சுவர், மேலே தகரம், அவ்வளவுதான். வண்டிகள் தெருவில் நிற்கும். பாய் அவற்றின் அடியில் இருப்பார். எங்களுக்கு முன்னாலேயே அந்தோணியின் நீல வேன் வந்து நின்றது. பின் ஷாக்குகளின் ரப்பர் தேய்ந்துபோய், மாற்ற வந்திருந்தார். எங்கள் வேன் அதற்குப் பக்கத்தில்.

பாயின் வழக்கம் ஒன்று. கழற்றுகிற போல்ட்டையும் நட்டையும் பழைய பால்பவுடர் டப்பாவில் டீசல் ஊற்றிப் போட்டுவிடுவார், துரு இளக. வண்டிக்கு ஒரு டப்பா. டப்பாக்களைக் குட்டிச்சுவர் மேல், தெருவில் வண்டிகள் நிற்கும் அதே வரிசையில் வைப்பார். முதல் வண்டிக்கு முதல் டப்பா, இரண்டாவது வண்டிக்கு இரண்டாவது. அடையாளம், எழுத்து ஒன்றும் கிடையாது. அத்தனை வருஷமாக அப்படித்தான் என்றார்கள்.

இரண்டு வேனிலும் ஷாக்குகளின் கீழ்முனையைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கழற்றி டப்பாக்களில் போட்டார். பக்கத்துக்கு ஒன்றாக, வண்டிக்கு இரண்டு. அந்த நேரத்தில் தண்ணீர் லாரி வந்தது.

திருவொற்றியூரில் தண்ணீர் லாரிக்கு முன்னால் எந்த வேலையும் வேலை இல்லை. தெருவே குடத்தோடு கூடிவிட்டது. பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று எல்லா நிறத்திலும் பிளாஸ்டிக் குடங்கள். லாரி உள்ளே வர வழி இல்லை. வேன்களைத் தள்ளுங்கள் என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். நானும் மூர்த்தியும் அந்தோணியும் எதிர்ப்பக்கச் சந்துக்குள் இரண்டையும் தள்ளினோம். லாரி போனபின் திரும்பத் தள்ளி வந்து நிறுத்தினோம்.

அதற்குள் அஞ்சலையம்மாவும் மற்றப் பெண்களும் டிபன் பாக்ஸோடு வந்து நின்றுவிட்டார்கள். நேரம் ஆகிறது என்று அந்தோணி பறந்தார். பாய் அவர் வண்டியை முதலில் முடித்தார். ரப்பர் மாற்றி, டப்பாவை எடுத்து, போல்ட்டைப் போட்டு இறுக்கினார். பெண்கள் ஏறினார்கள். அஞ்சலையம்மா ஜன்னல் வழியாக, “லா, சாயங்காலம் உன் மலேசியா ஷாக்குல வந்து என்னிய இட்டுகினு போ, பாக்கறேன் அது இன்னா தாலாட்டுதுன்னு” என்றார். வேன் போய்விட்டது.

பிறகு எங்கள் வேனின் முறை. பாய் கிள்ளான் ஷாக்கைத் தூக்கி மேல்முனையை மாட்டினார். பொருந்தியது. கீழ்முனையில் கண் என்று சொல்லும் துளைக்குள் போல்ட்டை விட்டார். போகவில்லை. திருப்பி விட்டார். சுத்தியலால் இலேசாகத் தட்டினார். வாயிலேயே நின்றது.

“கண்ணு சின்னதா கீது. இது நம்ம வண்டி ஷாக்கு இல்ல,” என்றார்.

தெருவில் வேடிக்கை பார்த்தவர்களுக்கு வாய் திறந்துவிட்டது. வெளிநாட்டுச் சாமான் நம்ம ஊர் இரும்போடு ஒத்துப்போகாது என்றார் ஒருவர். செல்வத்தைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் இன்னொருவர். பாய், ஷாக்கின் கண்ணை லேத் பட்டறையில் கொடுத்துப் பெரிதாகக் கடைந்துவிடலாம் என்றார். கடைந்தால் உள்ளே இருக்கும் குழல் காகிதமாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது. செல்வம் அந்தக் கடையில் முதுகு முழுக்கக் கறுப்பு எண்ணெயோடு எழுந்து நின்றது ஞாபகம் வந்தது. அவன் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

தனம் டீ கொண்டுவந்தாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள், துளை வாயில் செருகி நின்ற போல்ட்டையும் பார்த்தாள்.

“அப்ப பழசுல எப்டி பூந்துச்சி?” என்று கேட்டாள்.

கழற்றிப் போட்ட பழைய ஷாக் சுவரோரம் கிடந்தது. மூர்த்தி அதைத் தூக்கிவந்தான். பாய் அதே போல்ட்டை அதன் கண்ணில் விட்டார். அதிலும் போகவில்லை.

பாய் திரும்பிக் குட்டிச்சுவரைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். சந்துக்குள் தள்ளியபோது நாங்கள் எங்கள் வேனைக் கடைசியாகத் தள்ளினோம்; திரும்பி வரும்போது அதுதான் முதலில் வந்து நின்றது. வண்டிகள் இடம் மாறியிருந்தன. டப்பாக்கள் மாறவில்லை.

கிள்ளான் ஷாக்கில் ஒரு குறையும் இல்லை. பாய் கையில் இருந்தது அந்தோணி வேனின் பருத்த போல்ட். எங்களுடைய மெல்லிய போல்ட்டுகள் அந்தோணி வேனில், அதன் பெரிய கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தன.

“இறுக்குனப்போ புடிச்சிகினு நின்னுச்சே,” என்றார் பாய், யாரிடமும் இல்லாமல். “ரெண்டு குழில உழுந்து எழுந்தா ஆட்டம் குடுத்துரும். கழண்டு தொங்குச்சின்னா பிரேக் பைப்பு பக்கத்துலதான் கீது.” கொஞ்சம் நிறுத்தி, “எண்ணூர்ல பாலம் எறங்கணும்” என்றார்.

தனம் டீ டம்ளர்களைக் குட்டிச்சுவர் மேல் வைத்துவிட்டாள். அவள் மாமியாரும் ஒரு வேன் நிறையப் பெண்களும் அதில் இருந்தார்கள்.

அந்தோணியிடம் செல்போன் இல்லை. எங்களிடமும் இல்லை. அப்போது அது கப்பல் ஏஜென்ட்டுகளின் கையில் மட்டும் பார்த்த பொருள். தெருவில் இருந்தது ஒரு சைக்கிள். பாய் ஏறி மிதித்தார். நான் பருத்த போல்ட்டுகள் இருந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தேன். பாய் தடித்த மனிதர், ஐம்பது தாண்டியவர். அப்படி மிதிப்பார் என்று நினைக்கவில்லை. பெரிய சாலையைத் தொட்டோம். இரட்டை வரிசை. மிச்சமிருந்த தடத்தில் ஒரு பேருந்தும் ஒரு டிரெய்லரும் முகத்துக்கு முகம் முட்டி நின்றன, ஒன்றும் நகரவில்லை. ஓரத்து மணலில் சைக்கிளை விட்டார். அரை மைல் போவதற்குள் பின் டயர் படார் என்று வெடித்தது.

பாய் சைக்கிளை மணலில் போட்டார். பக்கத்தில் ஒரு லாரி. அதன் ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். நாமக்கல் பக்கத்து ஆள். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. பாய் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். அந்த ஆள் யார், எவர், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

“வண்டி என்ன கலருங்க?”

“நீலம். பின் கண்ணாடில மாதா படம் ஒட்டிருக்கும். பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க.”

நுரையோடு இறங்கி, வரிசையில் எங்களுக்கு வடக்கே நின்ற லாரியின் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர் ஆந்திராக்காரர். அவர் அடுத்த வண்டிக்குத் தெலுங்கில் குரல் கொடுத்தார், நாமக்கல்காரர் எனக்கு அர்த்தம் சொன்னார்: “நீல வேன் ஒன்று வடக்கே போகிறது, மாதா படம் ஒட்டியது. நிறுத்தச் சொல். போல்ட் தப்பு.” அடுத்தவர் இன்னும் சுருக்கினார். அதற்கடுத்து இந்தியில் போனது. “நீல வேன், மாதா படம், நிறுத்து,” என்று அது சின்னதாகிச் சின்னதாகி ஓடுவதை நான் கேட்டேன். ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தவன் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தான். சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் எழுந்து, வடக்கே திரும்பி, வாயருகே கை குவித்தார். பிறகு குரல் எங்கள் காதுக்கு எட்டாத தூரம் போய்விட்டது.

நாமக்கல்காரர் என் கையிலிருந்த டப்பாவைக் கேட்டார். கொடுத்தேன். அதுவும் போனது.

நான் பல துறைமுகங்களில் தூங்கியிருக்கிறேன். தாய்லாந்தின் சோங்க்லாவில் மீன்படகில் வேலை செய்து, நடுக்கடலில் இஞ்சின் நின்று, இரண்டு நாள் யாரும் எட்டிப் பார்க்காமல் மிதந்திருக்கிறேன். மனிதர்கள் உதவுவார்கள், மாட்டார்கள், இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை, ஒருவரை ஒருவர் அறியாத, ஒரே பாஷைகூடப் பேசாத ஆட்கள், ஒரு வேனில் இருந்த யாரோ சில பெண்களுக்காக வரிசையாக எழுந்து நின்றதை அதற்கு முன் பார்த்ததில்லை. பாய் கடலைப் பார்த்து உட்கார்ந்து, விரல் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாமக்கல்காரர் மறு கன்னத்தை மழிக்கவே இல்லை. நுரை உலர்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அப்புறம் வடக்கே ஒரு குரல். அதற்கு இந்தப் பக்கம் ஒரு குரல். லாரிக்கு லாரி தாவி, எங்களை நோக்கி வந்தது. முதலில் என்ன என்று புரியவில்லை. ஆந்திராக்காரர் தெலுங்கில் சொன்னபோதுதான் நாமக்கல்காரர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“நின்னுருச்சுங்க. கத்திவாக்கத்துக்கு இந்தப் பக்கம்.”

பாய் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி, ஓதுவதை முடித்துக்கொண்டார்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு அஞ்சலையம்மாவிடம் கேட்டேன். ஒரு சர்தார்ஜி வேனுக்குக் குறுக்கே வந்து, இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாராம். அந்தோணி சண்டை போட இறங்கினாராம். அதற்குள் நான்கு பேர் வேன் அடியில் படுத்துவிட்டார்கள். வலது பக்கத்து நட் கையாலேயே சுழன்றதாம். பெண்களை மணலில் இறக்கிவிட்டு, டப்பா வருகிறவரை லாரிக்காரர்கள் டீ போட்டுக் கொடுத்தார்களாம். பிறகு பருத்த போல்ட்டுகளை அவர்களே மாட்டி இறுக்கி, வேனை வேலைக்கு அனுப்பிவைத்தார்களாம். டீயில் சர்க்கரை அதிகம் என்றார் அஞ்சலையம்மா.

எங்களுக்கு டப்பா திரும்பி வருவதற்கு முன்னால் ஒரு செய்தி வந்தது. அதுவும் லாரிக்கு லாரி வந்தது. ஆந்திராக்காரருக்கு அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை, சிரித்துவிட்டார். நாமக்கல்காரர்தான் அதைப் பாய் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்.

“கஸ்மாலம் பாய், உன் டப்பாவுக்கு மொதல்ல ஒரு பேரு எழுதி ஒட்டு. வூட்டுக்கு வந்து பேசிக்கறேன். அஞ்சலை.”

எத்தனை பாஷைக்காரர்கள் வாயில் புகுந்து வந்தது அந்த வசவு, ஒரு எழுத்து உதிரவில்லை. பாய் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டப்பா வந்தது. எங்களுடைய மெல்லிய போல்ட்டுகள் இரண்டும், நட்டுகளோடு உள்ளே இருந்தன. நான் எட்டிப் பார்த்தேன். துரு துடைத்திருந்தது. மரையெல்லாம் கிரீஸ் தடவியிருந்தது. நட் கழலாமல் இருக்க அதன் அடியில் வைக்கும் சுருள் வாஷர் எங்கள் வண்டியில் இல்லை. மூர்த்தி அதை எப்போதோ தொலைத்துவிட்டான். டப்பாவில் இரண்டு சுருள் வாஷர்கள் இருந்தன. புதியவை அல்ல, ஆனால் சரியான அளவு. வரும் வழியில் எவனோ டப்பாவுக்குள் பார்த்திருக்கிறான். வாஷர் இல்லை என்று கண்டிருக்கிறான். தன் பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவன் கையில் கொடுத்திருக்கிறான். போட்டவன் ஒருவனா, இரண்டு பேரா என்று கேட்டுப் பார்த்தோம். வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வாஷர்களைப் போட்டுத்தான் பாய் எங்கள் ஷாக்குகளை மாட்டினார். போல்ட் கண்ணுக்குள் சத்தமில்லாமல் போனது. தனம் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் நெத்திலி வறுபடும் வாசனை வந்தது.

அந்தோணியின் வேனை மறுபடி முழுக்கப் பார்க்காமல் ஆள் ஏற்றக்கூடாது என்று பாய் சொல்லிவிட்டதால், சாயங்காலம் பெண்களைக் கூட்டிவர மூர்த்தியும் நானும் போனோம். நான் கிள்ளானிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவில் தனம் நெத்திலி வறுவலை நிறைத்து, வாழையிலை வைத்து மூடிக் கொடுத்தாள். அந்த லாரிக்காரர்களுக்கு.

போகும்போது பாலத்திலிருந்து இறங்கினோம். வேன் ஒரு தடவை அமுங்கி, நிமிர்ந்து, அத்தோடு நின்றது. மூர்த்தி என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பதுபோல இருந்துகொண்டேன்.

கொட்டகை வாசலில் அஞ்சலையம்மா ஏறினார், நேராகப் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். பள்ளத்துக்குப் பள்ளம் நான் திரும்பிப் பார்த்தேன். கத்திவாக்கம் தாண்டுமட்டும் அவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் பக்கத்திலிருந்த பெண்ணின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். செல்வத்திடம் நான் போய்ச் சொல்ல அதைவிட நல்ல சேதி வேறு இல்லை.

காலையில் சைக்கிள் டயர் வெடித்த இடத்தில் மூர்த்தி வேனை நிறுத்தினான். பிஸ்கட் டப்பாவோடு நான் இறங்கினேன். அங்கே பச்சை லாரி ஒன்று நின்றது. அரை முகம் மழித்த நாமக்கல்காரர் இல்லை. அதற்கு வடக்கே ஆந்திராக்காரரும் இல்லை. மதியத்துக்கு மேல் வரிசை நகர்ந்திருக்கிறது. காலையில் எழுந்து நின்ற அத்தனை பேரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில், முன்னால் எங்கேயோ இருந்தார்கள்; சிலர் உள்ளேயே போயிருப்பார்கள். நின்ற இடம் அதேதான், வரிசையும் அதே நீளம், ஆட்கள் வேறு. பச்சை லாரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அஞ்சலையம்மா விழித்து இறங்கி வந்தார்.

“இன்னா லா, செலயா நிக்கிற?”

சொன்னேன். அவர் டப்பாவை வாங்கினார். பச்சை லாரிக்காரரின் பாதத்தில் ஒரு தட்டு தட்டினார். அவர் பதறி எழுந்தார்.

“நைனா, இத்த முன்னால குடு.”

“யாருக்கும்மா?”

“காலைல நீல வேன நிறுத்துனாங்களே, அவுங்களுக்கு.”

அவருக்கு அது பற்றி ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. சரி என்றார். இறங்கிப்போய் முன்வண்டியில் கொடுத்தார். நாங்கள் வேனில் ஏறி, நெரிசலில் நின்று நின்று வந்தோம். பிஸ்கட் டப்பா எங்களுக்குப் பக்கத்திலேயே வரிசையில் வந்தது. ஒரு கை, இன்னொரு கை. கொஞ்ச தூரத்தில் எங்களை முந்திக்கொண்டது.

வாசனைக்கு வழியில் யாராவது திறந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

“தின்னா தின்னட்டும்,” என்றார் அஞ்சலையம்மா. “அவுங்களும் லாரிக்காரனுங்கதான்.”